கணக்கேட்டின் கதை – 17: ஒற்றை வரிசை வலையான காலம்

போடிநாயக்கனூரில் ஒரு சாக்கு எட்டு எம்.எம். ஏலக்காயைப் பிரித்துக் காட்டி, இது எந்தத் தோட்டத்துக் காய் என்று கேட்டால் ஒரே பதில் வராது. வண்டன்மேட்டில் பறித்ததும் நெடுங்கண்டத்தில் பறித்ததும் சாந்தன்பாறையிலிருந்து இறங்கியதும் அதில் கலந்திருக்கும். மலையில் எடுக்கும் பச்சைக்காய் ஏறக்குறைய 5 கிலோ, ஸ்டோர் என்ற உலர்த்தும் கூடத்தில் காய்ந்து 1 கிலோ ஆகிறது. தோட்டக்காரர் அதை ஏல நிறுவனத்திடம் பதிகிறார். அங்கே அதற்கு ஒரு லாட் எண் விழுகிறது. லாட்டை ஏலத்தில் எடுத்த வியாபாரி தன் கிடங்குக்குக் கொண்டுபோய்ச் சலிக்கிறார். எட்டு எம்.எம். சல்லடையில் நின்றது ஒரு பக்கம், ஏழுக்கும் எட்டுக்கும் இடைப்பட்டது ஒரு பக்கம், சிறுகாய் இன்னொரு பக்கம். வெடித்த காயையும் வெளுத்த காயையும் பெண்கள் உட்கார்ந்து பொறுக்கித் தள்ளுகிறார்கள். பிறகு பத்து லாட்டின் தரமான காய் ஒன்றாகச் சேர்ந்து டெல்லிக்கோ ஜெய்ப்பூருக்கோ வளைகுடா நாடுகளுக்கோ போகிறது.

ஒரு லாட் பலவாகப் பிரிகிறது. பல லாட் ஒன்றாகச் சேர்கிறது. இந்தப் பயணத்தைக் காகிதத்தில் வரைந்தால் கோடு வராது, வலைதான் வரும். அம்புக்குறி எல்லாம் மலையிலிருந்து சந்தை நோக்கியே போகும். திரும்பித் தொடங்கிய இடத்துக்கே வருகிற அம்புக்குறி இருக்கக் கூடாது. அப்படி ஒன்று இருந்தால் கணக்கில் ஏதோ தவறு என்று அர்த்தம். கணிதக்காரர்கள் இத்தகைய வரைபடத்தைத் திசையுள்ள, வட்டமில்லாத வரைபடம் என்கிறார்கள். சுருக்கமாக டிஏஜி. சரக்கின் கணக்கு இயல்பிலேயே இப்படித்தான் இருக்கிறது. பணத்தின் கணக்கையும் இப்படி எழுத முடியுமா, எழுதினால் அதை யார் சரிபார்ப்பது என்று உலகம் தேடத் தொடங்கிய ஆண்டுகளைத்தான் இந்தப் பகுதியில் பார்க்கப்போகிறோம்.

சென்ற பகுதியை 2009இல் விட்டோம். அந்த ஆண்டு ஜனவரி 3ஆம் தேதி பிட்காயினின் முதல் பிளாக் உருவானது. அதன் ஏற்பாடு எளிது. உலகம் முழுவதும் நடக்கும் பரிவர்த்தனைகள் சுமார் 10 நிமிடத்துக்கு ஒரு பிளாக்காக, அதாவது ஏட்டின் ஒரு பக்கமாகத் தொகுக்கப்படும். ஒவ்வொரு பக்கமும் முந்தைய பக்கத்தின் ஹேஷ் என்ற கைரேகையைத் தன்னுள் தாங்கியிருக்கும். பக்கத்துக்குப் பின் பக்கம், ஒரே வரிசை. இதன் விலை வேகம்: நொடிக்கு ஏழு பரிவர்த்தனை என்பதே அதன் உச்சம் என்று பொதுவாகச் சொல்வார்கள்.

பத்து நிமிடத்தை ஒரு நொடியாகக் குறைத்தால் என்ன என்று யாருக்கும் தோன்றும். குறைக்கலாம். ஆனால் ஒரு பக்கம் உலகின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்குப் போய்ச் சேரச் சில நொடிகள் ஆகின்றன. அதற்குள் இன்னொருவர் வேறொரு பக்கத்தை எழுதி முடித்துவிடுவார். வரிசையில் ஒன்றுக்குத்தான் இடம், மற்றது குப்பைக்குப் போகும். வேகம் கூடக் கூடக் குப்பை பெருகும். நேர்மையாக உழைப்பவர்களின் பலம் சிதறும்; ஏமாற்ற நினைப்பவருக்கோ தன் பலத்தை ஒரே இடத்தில் குவிப்பது எளிது.

ஜெருசலேமின் ஹீப்ரு பல்கலைக்கழகத்தில் யோனதன் சோம்போலின்ஸ்கி, அவிவ் சோஹர் இருவரும் 2013 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இந்தக் குப்பையைத்தான் கையில் எடுத்தது. தோற்ற பக்கங்களும் உழைத்து எழுதப்பட்டவைதானே, அவற்றையும் எடை போட்டுப் பார்த்தால் என்ன என்று அவர்கள் கேட்டார்கள். 2015இல் யோவத் லெவன்பெர்க்கும் சேர, மூவரும் இன்னொரு படி மேலே போனார்கள். ஒரு பக்கம் ஒரே தாய்ப்பக்கத்தைக் காட்ட வேண்டும் என்ற விதியைத் தளர்த்தி, இன்னும் யாரும் சுட்டாமல் நுனியில் நிற்கும் பக்கங்களில் தனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் அது காட்டலாம் என்றார்கள். அதோடு வரிசை வலையாகிவிட்டது.

இந்த வலையில் வட்டம் ஏன் வராது என்பதை ஒரு நிமிடம் நின்று பார்க்கலாம், அழகான விஷயம் அது. புதிய பதிவு பழைய பதிவின் ஹேஷைத் தன் உடலில் எழுதிக்கொள்கிறது. இனிமேல் எழுதப்படப்போகும் பதிவின் ஹேஷ் யாருக்கும் தெரியாது. ஆகவே அம்புக்குறி பின்னோக்கி மட்டுமே போக முடியும். காவலாளி யாரும் வேண்டாம், கணிதமே அதைக் காக்கிறது.

இதற்கெல்லாம் அடித்தளம் இன்னும் பழையது. 1978இல் லெஸ்லி லாம்போர்ட், தொலைவில் இருக்கும் கணினிகளுக்குள் காலத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஒன்றின் செய்தி மற்றொன்றுக்குப் போய்ச் சேராதவரை, இரண்டு நிகழ்வுகளில் எது முன், எது பின் என்று சொல்லவே முடியாது என்றார். பல நேரங்களில் அதைச் சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. சின்னமனூரில் ஒருவர் பன்னீர் திராட்சைக்குப் பணம் கொடுப்பதும், போடியில் வேறொருவர் ஏலக்காய்க்குப் பணம் கொடுப்பதும் ஒன்றை ஒன்று தொடுவதில்லை. எது முதலில் நடந்தது என்று தீர்ப்புச் சொல்ல உலகத்தையே காக்கவைப்பது வீண். வரிசை தேவைப்படுவது ஒரே ஓர் இடத்தில்தான்: ஒரே பணத்தை ஒருவர் இரண்டு பேருக்குக் கொடுக்கும்போது.

2015இல் இந்த எண்ணம் ஆய்வுக் கூடத்தைவிட்டு வெளியே வந்தது. செர்ஜியோ டெமியன் லெர்னர் அந்த ஆண்டு டாக்காயின் என்ற வரைவை முன்வைத்தார். பக்கங்களே வேண்டாம், பரிவர்த்தனைகளே ஒன்றை ஒன்று சுட்டட்டும் என்பது அதன் சாரம். அதே ஆண்டில் ஐயோட்டா பிறந்தது. டேவிட் சென்ஸ்டெபோ, டொமினிக் ஷீனர், செர்கே இவான்செக்லோ, கணிதப் பேராசிரியர் செர்கே போபோவ் ஆகிய நால்வர் அதன் நிறுவனர்கள். அதன் முதன்மை வலை 2016 ஜூலையில் இயங்கத் தொடங்கியது. தங்கள் வலைக்கு அவர்கள் வைத்த பெயர் டாங்கிள்.

அன்றைய டாங்கிளில் ஒரு பரிவர்த்தனையை அனுப்புகிறவரே சரிபார்ப்பவரும் ஆனார். கட்டணம் இருக்கவில்லை, கூலிக்குப் பக்கம் எழுதுபவர்களும் இருக்கவில்லை. உங்கள் பரிவர்த்தனை உள்ளே வர வேண்டுமானால், உங்களுக்கு முன் வந்து இன்னும் யாராலும் ஒப்பப்படாமல் நுனியில் நிற்கும் இரண்டு பரிவர்த்தனைகளை எடுத்துக்கொள்ள வேண்டும். அவற்றின் கையெழுத்து சரியா, செலவழிக்கும் பணம் உண்மையில் இருக்கிறதா, அவை சுட்டும் பழைய பதிவுகளுக்கும் இவற்றுக்கும் முரண் உண்டா என்று பார்க்க வேண்டும். பிறகு குப்பைப் பதிவுகளைத் தடுப்பதற்காக விதித்த சிறு கணக்குப் புதிர் ஒன்றை விடுவித்து, அந்த இரண்டின் ஹேஷையும் உங்கள் பதிவில் எழுதி அனுப்ப வேண்டும். நாளை வருபவர் உங்களைச் சரிபார்ப்பார். ஒரு பதிவை நேராகவோ சுற்றிவளைத்தோ ஒப்பிய எல்லாப் பதிவுகளின் எடையையும் கூட்டினால் கிடைப்பது அதன் மொத்த எடை. எடை ஏற ஏற நம்பிக்கை ஏறும்.

மோசடி நடந்தால்? உத்தமபாளையத்தில் ஒருவர் தன்னிடமுள்ள 50,000 ரூபாய் மதிப்புள்ள காசைக் கூடலூர்க் கடைக்கு ஒரு பதிவாகவும், அதே காசைக் கம்பத்துக் கடைக்கு இன்னொரு பதிவாகவும் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் வலையின் வெவ்வேறு ஓரங்களில் ஒட்டிக்கொள்கின்றன. தனித்தனியே பார்த்தால் இரண்டுமே சுத்தம். கையெழுத்து சரி, இருப்பும் சரி. ஆனால் சிறிது நேரத்தில் புதிதாக வருகிற ஒருவருக்கு இரண்டு கிளைகளும் கண்ணில் படும். இரண்டையும் சேர்த்து ஒப்பும் பதிவு செல்லாது என்பதால் அவர் ஒரு பக்கம் சாய்ந்தே ஆக வேண்டும். எடை மிகுந்த கிளையை நோக்கி நடக்கும்படி நிகழ்தகவை வைத்து ஒரு நடைவிதி எழுதியிருந்தார்கள். அதன்படி ஒரு கிளை தடிக்கும், மற்றது கைவிடப்படும்.

கைவிடப்பட்ட கிளையில் யாரெல்லாம் இருந்தார்கள் என்பதையும் நாம் கேட்க வேண்டும். மோசடிப் பதிவின் மேல் ஒரு பாவமும் அறியாத பதிவுகள் பல ஒட்டியிருக்கலாம். அவை மறுபடி நல்ல நுனியைத் தேடி ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான். நடைவிதியின் சாய்வைக் கூட்டினால் இப்படி அநாதையாகும் பதிவுகள் பெருகும். குறைத்தால், உழைக்காமல் பழைய பதிவுகளையே திரும்பத் திரும்பச் சுட்டும் சோம்பேறிகளுக்கு இடம் கிடைக்கும். இந்தத் திருகாணியைச் சரியான இடத்தில் நிறுத்துவது கடைசிவரை எளிதாக இருக்கவில்லை.

இன்னொரு சங்கடம் இதைவிடப் பெரிது. எடை ஏற வேண்டுமானால் நேர்மையான பதிவுகள் இடைவிடாமல் வந்துகொண்டிருக்க வேண்டும். வலை இளையதாக, வரத்துக் குறைவாக இருக்கும் காலத்தில், நல்ல கணினிகளைக் கையில் வைத்திருக்கும் ஒருவர் தனியாக ஒரு கிளையை வளர்த்து உண்மைக் கிளையை முந்திவிட முடியும். அதனால் ஐயோட்டா அறக்கட்டளை ஒரு காவலரை அமர்த்தியது. ஒருங்கிணைப்பாளர் என்று அதற்குப் பெயர். அறக்கட்டளை இயக்கிய அந்தக் கணினி அவ்வப்போது மைல்கல் பதிவு ஒன்றை வலையில் நட்டது. மைல்கல் நேராகவோ சுற்றிவளைத்தோ சுட்டிய பதிவுகள் உறுதியாயின, மற்றவை காத்திருந்தன. நிகழ்தகவும் நடைவிதியும் ஏட்டில் இருந்தன; கடைசிச் சொல் மைல்கல்லிடம் இருந்தது.

அது எவ்வளவு பெரிய சொல் என்பது 2020 பிப்ரவரி 12 அன்று தெரிந்தது. ஐயோட்டாவின் ட்ரினிட்டி என்ற பணப்பைச் செயலியில் சேர்க்கப்பட்டிருந்த வெளியார் நிரல் ஒன்றின் வழியாகத் திருடர்கள் உள்ளே நுழைந்து பயனர்களின் காசை எடுத்தார்கள். அறக்கட்டளை ஒருங்கிணைப்பாளரை நிறுத்தியது. மார்ச் 10 வரை உலகில் எவரும் அந்த வலையில் பணம் அனுப்பி உறுதிசெய்ய முடியவில்லை. திருட்டு மேலும் பரவாமல் தடுத்ததற்காக அந்த முடிவைப் பாராட்டலாம். நடுவர் இல்லாத ஏடு என்று சொல்லி அழைத்து வந்தவர்களிடம் அப்படி ஒரு நிறுத்துவிசை இருந்ததே என்று கேட்கவும் செய்யலாம். இரண்டும் நியாயம் என்றுதான் எனக்குப் படுகிறது.

அந்த ஆண்டுகளின் மற்ற வலை ஏடுகளைப் படிக்கும்போது, கடைசிச் சொல் யாருடையது என்ற இதே முடிச்சு வேறு வேறு வடிவத்தில் வந்துகொண்டே இருக்கிறது. ஆன்டன் சுர்யுமோவ் உருவாக்கி 2016 கிறிஸ்துமஸ் நாளில் தொடங்கிய பைட்பால், பின்னாளில் ஓபைட், வலைக்குள்ளே ஒரு முதன்மைத் தடத்தை அடையாளம் காண 12 சாட்சிகளை வைத்தது. காலின் லெமாஹியூவின் நானோ ஒவ்வொரு கணக்குக்கும் தனிச் சங்கிலி கொடுத்தது. உங்கள் சங்கிலியில் நீங்கள் மட்டுமே எழுதலாம், அனுப்புவது ஒரு பதிவு, பெறுவது இன்னொரு பதிவு. தகராறு வந்தால் இருப்பின் அளவுக்கேற்பப் பிரதிநிதிகள் வாக்களிப்பார்கள். கட்டணமே இல்லாததால் 2021 மார்ச்சில் அதன் மேல் குப்பைப் பதிவுகளைக் கொட்டித் திணறடித்தார்கள்.

இவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது ஹாஷ்கிராஃப். லீமன் பேர்ட் அதை 2016இல் எழுதி வெளியிட்டார். இங்கே கணினிகள் ஊர்வம்பு போலப் பேசிக்கொள்கின்றன. ஒரு கணினி தற்செயலாக இன்னொன்றைக் கூப்பிட்டுத் தனக்குத் தெரிந்ததை எல்லாம் சொல்லும். கேட்டது உடனே ஒரு பதிவு எழுதும். அதில் தன் கடைசிப் பதிவின் ஹேஷ் ஒன்று, சொன்னவரின் கடைசிப் பதிவின் ஹேஷ் ஒன்று, நேரம், புதிய பரிவர்த்தனைகள், கையெழுத்து. அதாவது செய்தி மட்டும் பரவுவதில்லை, யார் யாரிடமிருந்து எப்போது கேட்டார் என்பதும் கூடவே பரவுகிறது. அந்த வரலாறு எல்லாரிடமும் இருந்தால், ஒரு கேள்விக்கு மற்றவர் எப்படி வாக்களித்திருப்பார் என்பதை ஒவ்வொருவரும் தன் இடத்திலேயே கணக்குப் போட்டுவிடலாம். வாக்குச்சீட்டு ஒன்றுகூட அனுப்ப வேண்டியதில்லை. மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானவர்கள் ஏமாற்றினாலும் விடை மாறாது என்பதற்கான நிரூபணத்தை, கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் கார்ல் க்ரேரி 2018இல் கணினி கொண்டே சரிபார்த்தார்.

மூன்றில் ஒரு பங்கு என்று எண்ணிப் பார்க்க, மொத்தம் எத்தனை பேர், யார் யார் என்று முதலில் தெரிய வேண்டும். ஹாஷ்கிராஃபைக் கொண்டு 2019 செப்டம்பரில் பொதுமக்களுக்குத் திறந்த ஹெடெரா, அதிகபட்சம் 39 நிறுவனங்கள் கொண்ட ஆட்சிக் குழுவிடம் பொறுப்பைக் கொடுத்தது. டாடா கம்யூனிகேஷன்ஸ் அதில் சேர்ந்தது. 2020களின் தொடக்கத்தில் சென்னை ஐஐடியும் சேர்ந்தது. தமிழ்நாட்டின் ஒரு கல்வி நிறுவனம் இந்த வரலாற்றுக்குள் நேராகக் கால் வைத்த இடம் அது. இன்னொரு தமிழ்நாட்டுத் தொடர்பும் உண்டு. கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்து, அண்ணா பல்கலைக்கழகத்தின் அனுசாட் செயற்கைக்கோள் குழுவில் முன்னின்ற ஸ்ரீராம் கண்ணன், பின்னர் அமெரிக்கப் பேராசிரியராகி, 2018இல் பிரிஸம் என்ற நெறிமுறையை உருவாக்கியவர்களில் ஒருவரானார். ஒரு பிளாக் செய்துவந்த வேலையைப் பிரித்து, பரிவர்த்தனையைச் சுமக்க ஒரு வகை, முன்மொழிய ஒரு வகை, வாக்களிக்க ஒரு வகை என்று மூன்றாக்கியது பிரிஸம். பல வாக்குச் சங்கிலிகள் ஒரே நேரத்தில் ஓடுவதால் உறுதி விரைவில் வருகிறது.

இனி மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்துக்கு வருவோம். இந்த வலை ஏடுகளைப் பற்றி எழுதுபவர்கள் அதிகம் பேசாத ஒன்றைக் கம்பம் பள்ளத்தாக்கில் நின்றால் தெளிவாகப் பார்க்கலாம்.

போடி ஏலத்தில் ஒரு காலத்தில் மாதிரிக் காயைக் கையில் வாங்கி முகர்ந்து, உருட்டிப் பார்த்து, வாயால் விலை சொன்னார்கள். 2000களின் பிற்பாதியில் நறுமணப் பொருள் வாரியமான ஸ்பைசஸ் போர்டின் மின் ஏலம் வந்தது. 2021இல் போடியையும் இடுக்கி மாவட்டப் புற்றடியையும் இணைத்து இரண்டு இடத்திலிருந்தும் ஒரே ஏலத்தில் விலை கேட்கும் ஏற்பாடு செய்தார்கள். மாதிரிக் காயைக் கையில் எடுத்துப் பார்ப்பது நிற்கவில்லை, விலை கேட்பது மட்டும் திரைக்கு மாறியது. இந்தக் கணக்கு மைய ஏடு, அதற்கு வலையும் வேண்டாம், வாக்கும் வேண்டாம். எல்லாரும் ஏற்கும் நடுவர் இருக்கும்போது பகிர்ந்த ஏடு தேவையில்லை என்பதை இந்தத் துறையில் இருப்பவர்கள் உரக்கச் சொல்வதில்லை.

ஆனால் விவசாயிகள் நெடுங்காலமாகச் சொல்லும் ஒரு குறை உண்டு. ரீபூலிங். ஏலத்தில் வாங்கிய காயையே வியாபாரிகள் சிலர் திரும்பக் கொண்டுவந்து இன்னொரு ஏலத்தில் வைப்பது. மலையிலிருந்து ஒரு முறை இறங்கிய காய் வரத்துக் கணக்கில் இரண்டு முறை ஏறுகிறது. சந்தையில் சரக்கு மிகுந்தது போலத் தோன்றி விலை சரிகிறது. அடி வாங்குவது பறிப்புக்கூலியும் உரக்கடனும் கொடுத்துவிட்டு நிற்கும் சிறு தோட்டக்காரர்.

ஒரே காசை இரண்டு முறை செலவழிப்பதற்கு இது உறவுதான். ஆனால் வலை ஏட்டால் பிடிக்க முடிவது இதில் பாதி. ஒவ்வொரு லாட்டும் தான் எந்த லாட்டுகளிலிருந்து வந்தது என்று சுட்ட வேண்டும் என விதித்து, அந்த வலையை ஏட்டில் ஏற்றினால், 100 கிலோவாக உள்ளே வந்த காய் 130 கிலோவாக வெளியே போவதை அது உடனே காட்டும். ஆனால் வாங்கிய காயைச் சாக்கு மாற்றி, புதிதாகத் தோட்டத்திலிருந்து வந்தது என்று ஒருவர் எழுதிக் கையெழுத்திட்டால், கையெழுத்து சரி, ஹேஷ் சரி, வலையில் வட்டமும் இல்லை. ஏடு அதை ஒப்பிவிடும். சாக்குக்குள் இருப்பது எந்த மலைக் காய் என்று கணிதத்துக்குத் தெரியாது. அதை ஸ்டோரின் தராசும், அந்தத் தராசின் பக்கத்தில் நிற்கும் நேர்மையான ஆளும்தான் சொல்ல வேண்டும். 2021 ஏப்ரலில் ஸ்பைசஸ் போர்டு, ஐநா வளர்ச்சித் திட்டத்தோடு சேர்ந்து மிளகாய்க்கும் மஞ்சளுக்கும் பிளாக்செயின் வழித் தடமறியும் முயற்சியை அறிவித்தது. அதற்கும் இதே எல்லைதான். ஏலக்காய்க்கு அப்படி ஒன்று வருமானால் முதல் செலவு மலை மேல் இருக்கும் ஸ்டோர்களில் எடைபோடும் இடத்துக்கே போக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஏட்டுக்குள் நடப்பதைப் பற்றி மட்டும் பேசினால், 2019இல் வந்த ஒரு கட்டுரை பழைய கேள்வியைக் கூர்மையாக்கியது. சுவிட்சர்லாந்தின் லொசான் நகரிலிருந்து ரஷீத் கெர்ராவியும் அவர் கூட்டாளிகளும் எழுதியது. ஒரு கணக்குக்கு ஒரே உரிமையாளர் என்றால், பணம் அனுப்புவதற்குப் பொது உடன்பாடே தேவையில்லை என்று அவர்கள் நிறுவினார்கள். அவரவர் பதிவுகள் அவரவர் வரிசையில் எல்லாரையும் சேர்ந்தால் போதும். தன் காசையே இரண்டு பேருக்குக் கொடுக்கப் பார்த்தவரின் கணக்கு மட்டும் மாட்டிக்கொள்ளும், ஊரார் கணக்கு ஓடும். லாம்போர்ட் 1978இல் சொன்னது நாற்பது ஆண்டுகளுக்குப் பின் பணத்தைப் பற்றிய நிரூபணமாகவும் வந்தது. ஆனால் ஒரே பொருளைப் பலர் தொடும் இடங்களில், ஏலத்தைப் போன்ற இடங்களில், வரிசை வேண்டும். யார் முதலில் விலை கேட்டார் என்பது அங்கே பணம்.

2020களில் வந்த புதிய தலைமுறை, பதிவுகளைச் சுமக்கும் வேலையையும் அவற்றை வரிசைப்படுத்தும் வேலையையும் பிரித்து வைத்தது. 2018இல் வலையோடு வந்த அவலாஞ்ச், 2023 ஏப்ரலில் தன் பரிமாற்றச் சங்கிலியை நேர்வரிசையாக்கிக்கொண்டது. நார்வால், புல்ஷார்க், மிஸ்டிசெட்டி என்று அடுத்தடுத்து வந்த நெறிமுறைகளில் வலை திரும்பி வந்தது, வேறு வேலைக்காக. நார்வாலில் தெரிந்த சரிபார்ப்பாளர்கள் சுற்றுச் சுற்றாகப் பதிவு எழுதுகிறார்கள். ஒவ்வொரு பதிவும் முந்தைய சுற்றில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டவர்களின் பதிவைச் சுட்டியாக வேண்டும். சரக்கைச் சுமப்பது வலை. வரிசையை, வலையின் வடிவத்தைப் பார்த்தே எல்லாரும் தனித்தனியே கணித்து ஒரே விடைக்கு வருகிறார்கள். ஹாஷ்கிராஃபின் எண்ணம் இங்கே வேறு உடையில் இருப்பதை வாசகர்கள் கவனித்திருப்பீர்கள்.

2025 மே 5 அன்று ஐயோட்டா தன் ஒருங்கிணைப்பாளரை ஓய்வுக்கு அனுப்பியது. கூடவே டாங்கிளையும் அனுப்பியது. அதன் புதிய வலை மிஸ்டிசெட்டி வழியில் இயங்கத் தொடங்கியது. காசு வைத்திருப்பவர்கள் தங்கள் பங்கை ஒப்படைத்துத் தேர்ந்தெடுக்கும் சரிபார்ப்பாளர்கள் குழு அதில் பதிவுகளை உறுதிசெய்கிறது. பரிவர்த்தனைக்குச் சிறு கட்டணமும் வந்துவிட்டது. அனுப்புகிறவரே முன்னால் நிற்பவர்களைச் சரிபார்த்துவிட்டு உள்ளே வரும் அந்த ஏற்பாடு ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் உயிரோடிருந்தது. அத்தனை ஆண்டுகளில் காவலரின் துணையில்லாமல் அது முதன்மை வலையில் தனியாக ஓடிப் பார்க்கவில்லை.

அடுத்த பகுதியில், நாளுக்கு நாள் கனத்துக்கொண்டே போகும் இந்த ஏடுகளை யார் சேமித்து வைப்பது, எதை எப்போது கழித்துவிடலாம் என்ற வழக்கைப் பார்ப்போம்.

(தொடரும்)